துக்க வீட்டில் 'கடவுள் சித்தம்' என்று சொல்லாதீர்கள்

பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஏற்காடு மலையில், கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் எங்கள் பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவான அன்பியத்தார் ஓடி வந்துவிடுவார்கள். பெட்டி, குழி, அடக்கத் திருப்பலி, ஏழாம் நாள் பூசை எல்லாம் தாமாக நடந்துவிடும். அதில் யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லை. ஆறாத காயத்தை உண்டாக்குவது ஒரே ஒரு பேச்சு: "எல்லாம் கடவுள் சித்தம், அழாதீங்க." எண்பது தாண்டிய பாட்டியின் கல்யாணச் சாவில் சொல்லுகிற அதே ஆறுதலை, பள்ளிக்கூடப் பையின் சூடு ஆறாத வீட்டிலும் வந்து சொல்கிறார்கள். கேட்கிற தாய்க்கு, பிள்ளையைக் கொண்டுபோனதே கடவுள்தான் என்று ஆகிவிடுகிறது. பிறகு அவள் யாரிடம் போய் அழுவாள்?

எல்லாச் சாவையும் ஒரே தராசில் நிறுக்க வேதாகமம் சொல்லவில்லை. ஆபிரகாம் 175 வயதில் நிறைவாழ்வு வாழ்ந்து இறந்ததைத் தொடக்கநூல் ஓரிரு வரியில் அமைதியாகச் சொல்லி முடிக்கிறது. மகன் அப்சலோம் செத்தபோதோ, அவனுக்குப் பதில் தான் செத்திருக்கக் கூடாதா என்று தாவீது அரசன் கதறியதை அப்படியே பதிவு செய்திருக்கிறது. யாயிரின் 12 வயது மகள், நயீன் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகன், பெத்தானியா இலாசர் என்று நற்செய்திகளில் இயேசு உயிர்ப்பித்த மூவரில் எவரும் முதுமையில் இறந்ததாகச் சொல்லப்படவில்லை. அவர்கள் வீட்டாரில் எவரிடமும் அவர் 'இது கடவுள் சித்தம், ஏற்றுக்கொள்' என்று சொல்லவில்லை. இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார்.

நயீன் தாயிடம் இயேசுவே 'அழாதே' என்றாரே என்பார்கள். சொன்ன கையோடு பாடையைத் தொட்டு மகனை எழுப்பிக் கொடுத்தார். எழுப்பும் வல்லமை கையில் இல்லாத நமக்கு அந்தச் சொல்லில் பாத்தியதை இல்லை. ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவரே எடுத்துக்கொண்டார் என்று யோபு சொல்லவில்லையா என்பது அடுத்த கேள்வி. சொன்னார், தன் இழப்பைப் பற்றித் தன் வாயால். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்லக் கிளம்பிய பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். தெசலோனிக்கருக்கு எழுதிய பவுலும் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துயரப்பட வேண்டாம் என்றாரே தவிர, துயரமே படாதீர்கள் என்று தடுக்கவில்லை.

ஆகவே துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதியவர் இறந்த வீட்டில் அவர் வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்லுங்கள். இளம் சாவு விழுந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தையின் தாயை மோட்சக் கணக்குச் சொல்லி மிரட்டாதீர்கள்; அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழுவே சொல்லியாயிற்று. கடவுள் சித்தம் என்ற வார்த்தையை இழந்தவர்களுக்கே விட்டுவிடுங்கள். எப்போதாவது அவர்களாகச் சொன்னால், ஆமென் சொல்லுங்கள், அது போதும்.