தூதன் கொண்டுவந்த அடை
(தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19)



சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியாவை நாம் அறிவோம். அந்த அதிகாரத்தில் மெல்லிய சத்தத்தைப் பற்றியே நாங்கள் போதகர்கள் அதிகம் பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னே வந்தது சுட்ட அடையும் குடிக்கத் தண்ணீரும். தூதன் ஒரு முறை அல்ல, இரண்டு முறை அவனை எழுப்பிச் சாப்பிட வைத்தான். நாற்பது நாள் நடையும் ஓரேப் பர்வதமும் அதற்குப் பின்புதான்.

இதை நான் வேதாகமக் கல்லூரியில் படித்தேன், வார்டில்தான் புரிந்துகொண்டேன். கட்டட வேலையில் கலவை சுமக்கிற சகோதரர் ஒருவர் எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்து வந்திருந்தார். (அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்.) கட்டிலருகே நின்று நீளமாக ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் அவர், "ஐயா, கொஞ்சம் தூக்கி உட்கார வையுங்க" என்றார். ஜெபம் முழுவதும் தலையணையிலிருந்து சரிந்துகொண்டே இருந்திருக்கிறார். தானாக நிமிர அவர் சரீரத்தில் தசை இல்லை. கண்ணை மூடியிருந்த நான் கவனிக்கவில்லை.

இது வெறும் பட்டினி மெலிவு அல்ல. பட்டினி கிடக்கும் சரீரம் கொழுப்பைச் செலவழித்துத் தசையைக் கூடியமட்டும் காப்பாற்றும். கிருமியோடு போராடும் சரீரமோ தசையையும் உடைத்து எரிக்கிறது. வாயிலும் தொண்டையிலும் வெண்பூஞ்சை படர்ந்தால் விழுங்க முடியாது. வயிற்றுப்போக்கு இருந்தால் உண்டது தங்காது. 1980-களில் உகாண்டாவின் கிராமத்தார் இந்த வியாதிக்கு 'ஸ்லிம்' என்றே பெயர் வைத்தார்கள். மெலிந்து போவதுதான் அவர்கள் கண்ட அடையாளம்.

2004 ஏப்ரலில் நம் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபின் இந்தக் காட்சி வெகுவாகக் குறைந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் பரிசோதனைக்குத் தாமதித்தவர்கள், மருந்தை இடையில் விட்டவர்கள், காசநோய் சேர்ந்தவர்கள் இன்றும் எலும்பும் தோலுமாக வருகிறார்கள்.

தராசையும் முழுக்க நம்பக்கூடாது. மருந்து தொடங்கியதும் எடை ஏறும், குடும்பத்தார் மகிழ்வார்கள். ஏறினதில் பெரும்பங்கு கொழுப்பாக இருக்கலாம். நம் சகோதரருக்கும் முகம் தெளிந்தது. ஆனால் கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. கலவைச் சட்டியைத் தூக்குவது எப்படி? வீட்டுக்குக் கூலி வருவது எப்படி? எங்கள் பிசியோதெரபி சகோதரி எடையோடு நிறுத்துவதில்லை. ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்க்கிறார்.

மருந்து, ஆகாரம், உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தசை திரும்பும். நோயின் அறிகுறிகள் உள்ள பெரியவருக்கு வழக்கத்தைவிட 20 முதல் 30 சதவீதம் அதிகச் சக்தி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. சுண்டல், நிலக்கடலை, பருப்பு, மீன் எல்லாம் நல்லவை. ஆனால் சாப்பிட்டுப் படுத்தே இருந்தால் தசை வளராது. காய்ச்சல் தணிந்தபின் மணல் நிரப்பிய பாட்டிலையாவது தூக்க வேண்டும். நோயாளியைக் கட்டிலிலேயே வைத்துப் பார்ப்பதுதான் அன்பு என்று நம் சபையார் பலர் நினைப்பது, மன்னிக்கவும், தவறு. தூதனும் எலியாவுக்கு ஊட்டிவிடவில்லை. எழுந்திருக்கச் சொன்னான்.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு முட்டைக்கும் சுண்டலுக்கும் போகிறது. "ஆத்தும ஊழியத்துக்கு அனுப்பியதை முட்டைக்கா செலவழிக்கிறீர்கள்?" என்று அன்பர் ஒருவர் கேட்டு எழுதினார். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர் அடுத்துச் செய்தது என்ன என்று மாற்கு 5-இன் கடைசி வசனத்தை வாசித்துப் பார்க்கும்படி பதில் எழுதினேன். அடுத்த மாதம் காணிக்கையைச் சற்றுக் கூட்டியே அனுப்பினார்!

அந்தச் சகோதரர் இப்போது கையூன்றாமல் எழுகிறார். அரைச் சட்டி கலவை தூக்குகிறார். முழுச் சட்டி தூக்கினால்தான் மேஸ்திரி முழுக் கூலி கொடுப்பாராம். அதற்காகவும், மருந்து தொடங்கியிருக்கும் அவர் மனைவிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.