ஆங்கிலத் தொடரில் எச்சமும் அடுக்கும்

முன்னுரை

சொற்களின் பொருள் தெரிந்திருந்தும், நீண்ட ஆங்கிலத் தொடரைக் கண்டவுடன் நம் மாணவர் திகைத்து நிற்பதை வகுப்பறையில் பலகாலும் காண்கிறோம். இடர் சொல்லில் இல்லை. சொற்கள் ஒன்றையொன்று தழுவும் முறையில் உள்ளது. அம்முறையை அறியத் தமிழிலக்கணமே நமக்குக் கைவிளக்காகும்.

ஓர் ஈறு, மூன்று பணி

'ஓடும் சிறுவன்' என்பதில் பெயரெச்சம். 'ஓடி வந்தான்' என்பதில் வினையெச்சம். 'ஓடுதல் நன்று' என்பதில் தொழிற்பெயர். தமிழில் இம்மூன்றற்கும் வடிவம் வேறு. ஆங்கிலத்திலோ 'ரன்னிங்' என்னும் ஒரு சொல்லே மூன்று பணியையும் செய்கிறது. ஆதலின் 'இங்' ஈற்றைக் கண்டதும், அது பெயரைத் தழுவுகிறதா, வினையைத் தழுவுகிறதா, தானே பெயராய் நிற்கிறதா என வினவுதல் வேண்டும்.

எச்சமும் வினைமுதலும்

'வாக்கிங் டு காலேஜ், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என மாணவர் எழுதுவதுண்டு. இத்தொடரின் எழுவாய் மழை. எனவே மழையே கல்லூரிக்கு நடந்து சென்றதாகப் பொருள்படுகிறது! 'கல்லூரிக்கு நடந்து மழை தொடங்கியது' என்று தமிழில் எவரும் கூறார். செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினைகொண்டு முடியும் எனத் தொல்காப்பியர் வினையியலில் வகுத்த விதி ஈண்டு நினையத்தக்கது. 'நான் நடந்து செல்கையில்' எனத் தமிழில் கூறுவதுபோல, 'ஆஸ் ஐ வாக்ட் டு காலேஜ்' என எழுவாயை வெளிப்படுத்தின் பிழை நீங்கும்.

அடுக்கும் இணைவடிவமும்

அடுக்கி வரும் சொற்கள் ஒரே வடிவில் அமைதல் வேண்டும். 'ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்பீக்' என்பது பிழை. 'ஸ்பீக்கிங்' என முடிப்பதே முறை. இது வெறும் அழகுக்காக அன்று என்பதை ஒரு வழக்குக் காட்டுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், உணவுப் பொருள் சார்ந்த சில பணிகளுக்கு மிகைநேர ஊதியத்தினின்று விலக்களித்திருந்தது. அப்பட்டியலில் உலர்த்துதல், சேமித்தல் முதலியன 'இங்' ஈற்றுச் சொற்களாய் வந்தன. இறுதியிலோ 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என நின்றது. இடையில் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனிப் பணியா, பொதிதலுள் அடங்குவதா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் விநியோகித்தனரேயன்றிப் பொதியவில்லை. 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பது 'இங்' ஈறு பெறாமையின், 'ஷிப்மென்ட்' போன்றே பொதிதலுக்கு உட்பட்டது என அவர்கள் வாதிட்டனர். தொடர் ஐயத்திற்கிடமானது என்றும், அவ்வையத்தைத் தொழிலாளர் சார்பாகவே தீர்க்க வேண்டும் என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் அளிக்க இசைந்தது. சட்டமும் 'டிஸ்ட்ரிபியூட்டிங்' எனத் திருத்தப்பெற்றது.

தமிழில், 'பொதிதலோ விநியோகித்தலோ' என்பது வேறு; 'அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதிதல்' என்பது வேறு. இடைச்சொல் ஒவ்வொன்றோடும் ஒட்டி நின்று எல்லை காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வெல்லையை ஈற்றாலும் நிறுத்தக் குறியாலுமே உணர வேண்டும்.

முடிவுரை

எச்சத்தைக் கண்டால் 'யாருடைய வினை?' என்றும், அடுக்கைக் கண்டால் 'எதற்கு எது இணை?' என்றும் கேட்போமாக. தேர்வுத்தாளுக்கு மட்டுமன்று, நாளை நம் பிள்ளைகள் கையொப்பமிடவிருக்கும் பணி ஒப்பந்தத்திற்கும் இவ்விரு வினாக்கள் வேண்டும். ஓர் ஈற்றில் ஒருவரது உழைப்பின் ஊதியமே அடங்கியிருக்கலாம்.