சிறகு விரிந்த பிறகும் வளருமா?

எங்கள் கறிவேப்பிலைச் செடியில் கூட்டைவிட்டு வந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் சுருங்கிக் கிடந்தன. கொஞ்ச நேரத்திலேயே பெரிதாகிவிட்டன. இன்னும் வளருமா? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

வளராது. நீங்கள் பார்த்தது வளர்ச்சியே அல்ல, விரிவு. சிறகு கூட்டுக்குள்ளேயே முழுதாக உருவாகி, மடிந்து கிடந்தது. வெளியே வந்ததும் பூச்சி தன் ரத்தத்தை அதற்குள் செலுத்தி விரிக்கிறது. விரிந்த சிறகை இறுகச் செய்வது 'பர்சிகான்' என்ற ஹார்மோன். தோல் பதனிடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். மிகப் பொருத்தமான பெயர்!

1962-இல் ஃப்ராங்கெல், சியாவோ என்ற ஆய்வாளர்கள் அப்போதுதான் வெளிவந்த ஈக்களின் கழுத்தை நூலால் கட்டிப் பார்த்தார்கள். உடல் வெளிறி, மென்மையாகவே இருந்தது. இறுகிக்கொண்டிருந்த வேறொரு ஈயின் ரத்தத்தை ஊசியால் ஏற்றியதும் அது கறுத்து இறுகியது. தலையிலிருந்து வரும் சமிக்ஞையே ஹார்மோனை ரத்தத்தில் கலக்கச் செய்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

பூச்சி வளர வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும்; உங்கள் வண்ணத்துப்பூச்சி இனி தோலுரிக்காது. தோலுரிக்கத் தூண்டும் ஹார்மோனைச் சுரந்த மார்புச் சுரப்பி, முழுப் பூச்சியானதும் அழிந்துவிடும். ஆனால் பெண் பூச்சியின் வயிற்றுக்குள் முட்டைகள் வளரும். அதைத் தூண்டுவது இளமை ஹார்மோன். புழுவைப் புழுவாகவே வைத்திருந்த அதே ஹார்மோன்தான்! எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, முதல் சில மணி நேரம் தொடாமலிருப்பது. கீழே விழுந்தால் மட்டும் ஒரு குச்சியில் ஏறவிட்டு, சிறகு கீழ்நோக்கித் தொங்கும்படி வையுங்கள். மடிந்தபடியே இறுகிவிட்ட சிறகை இழுத்து விரிக்க முயலாதீர்கள், கிழிந்துவிடும்.