கரையோரக் கிணறும் கல்முனைக் குழாய்நீரும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்றுக்குப் பிரயாணம் செய்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். கிழக்கே கூப்பிடு தூரத்தில் உப்புக்கடல். ஆனால் வளவுக்கு வளவு கிணறு. மணலில் சில முழம் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது, அதுவும் நன்னீர். கடலின் பக்கத்திலே இது எப்படி வந்தது?

கடலிலிருந்து வடிந்து வந்த நீர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரைவிட உப்புநீர் பாரமானது. ஆகவே இரண்டும் இலேசில் கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான கைபன், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு இது.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இறைப்பு இயந்திரம் பூட்டி மேலே ஓர் அடி நீரைக் குறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் பல மடங்கு உயரத்துக்கு எழும்பி வரும். வாளியால் அள்ளிய காலத்தில் இந்த ஆபத்து இருக்கவில்லை. கை உளைந்தால் மனிதன் நிறுத்திவிடுவான். இயந்திரத்துக்குக் கை உளைவதில்லை.

2004 டிசம்பர் 26இல் இந்தப் பாடத்தை நம்மவர் கண்ணீரோடு படித்தார்கள். ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. தப்பியவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது கிணறுகளில் உப்பும் சேறும் அழுகலும் நிறைந்திருந்தன. உதவிக்கு வந்தோர் நல்லெண்ணத்தோடு இயந்திரங்களைக் கொண்டுவந்து இறைத்தார்கள், மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். பல இடங்களில் உப்புக் குறையவில்லை. சேற்றையும் அழுக்கையும் அகற்றும் அளவுக்கு இறைத்தது சரி; அதற்குமேல் இறைத்தது அடியிலிருந்த உப்புநீரையே மேலே அழைத்தது. கிழக்குக் கரையோரக் கிணறுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்களும் இதையே கூறினர். நிலத்தைக் கழுவித் தந்தவை அடுத்தடுத்து வந்த பருவமழைகள்தாம். அதுவரை பவுசர் வண்டி வரும் நேரத்தைப் பார்த்துத்தான் குடும்பங்கள் சமைத்தன.

உப்பு நாவுக்குத் தெரியும். நாவுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. கீழ்க்கரையில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மூன்று பெண்கள் பிறந்தால் உம்மாவின் வளவு மூன்றாகிறது. மூன்று வீடு, மூன்று கிணறு, மூன்று மலசலகூடக் குழி. மூத்தம்மா காலத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே தென்னைகள் நின்றன; இன்று ஒரு மதில்தான் நிற்கிறது, அதற்கப்பால் அயல்வீட்டுக் குழி. மணலோ நீரைத் தடுக்காது. கிருமிகளும் நைத்திரேற்றும் தெளிந்த தண்ணீரோடு தெளிவாகவே வந்து சேர்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அது மிகுந்த நீரில் மாவைக் கரைத்துப் புட்டியில் ஊட்டினால், பச்சைக் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

ஆகவே இக்கரைக்குக் குழாய்நீர் ஆடம்பரமல்ல. 1975இல் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அம்பாறை நகருக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டுவானில் நீரைச் சுத்திகரித்து, இருபது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள கரையோர ஊர்களுக்கு அனுப்புகிறது. படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரளச் செய்து, அடைய விட்டு, மணலில் வடித்து, கடைசியில் குளோரீன் சேர்க்கிறார்கள். அந்த மணம் பிடிக்கவில்லை என்று கிணற்று நீரையே குடிப்போர் உண்டு. நீண்ட குழாய் வழியே வரும்போது புகும் கிருமியைக் கொல்லவே சிறிதளவு குளோரீன் மிஞ்சி இருக்க வேண்டும். குடத்தில் பிடித்து மூடி வைத்தால் சில மணி நேரத்தில் மணம் குறைந்துவிடும்.

இந்த நீரின் ஊற்று கல்லோயாத் திட்டம். இங்கினியாகலையில் அணை கட்டி உண்டாக்கிய சேனநாயக்க சமுத்திரமே இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். 1981இல் தேக்கத்தில் கால்வாசி நீரே இருந்த போகத்தில், அங்கு ஒரு விவசாய அமைப்பு முயற்சி தொடங்கிற்று. மேல்மடைக்காரர் தம் வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சப்படுத்திய நீரைக் கடைமடைக்கு விட்டார்கள். நாட்டில் இனப்பகை மூண்டுகொண்டிருந்த காலம் அது! பத்திரிகைகள் இச்செய்தியை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1968இல் முலாஞ்சே மலையடியில் சாம்பே என்னும் பகுதியில், மலையருவி நீரைப் பள்ளம் நோக்கிக் குழாயில் இறக்கினார்கள். இயந்திரம் இல்லை. அரசாங்கம் குழாயையும் வழிகாட்டலையும் தந்தது. அகழி வெட்டியவர்கள் கிராமத்து ஆண்களும் பெண்களுமே. பிறகு அத்திட்டம் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. ஆனால் மலையில் காடு அழிந்து, பழுதுபார்க்கும் குழுக்களும் தளர்ந்தபோது, பல குழாய்கள் வறண்டன.

கல்முனைப் பக்கத்தில் குழாய் வந்த வீடுகளில் மறந்துபோகும் காரியங்கள் இரண்டு. ஒன்று, கழிவுநீர். குழாயைத் திறப்பது எளிதானதால் பாவனை கூடுகிறது. அவ்வளவும் அதே மணலுக்குள் இறங்கி அயலாரின் கிணற்றைச் சேர்கிறது. மற்றொன்று, கைவிடப்பட்ட கிணறு. குப்பை போட்டு அதைத் தூர்த்துவிடுகிறார்கள், அல்லது திறந்து விட்டு நுளம்பு வளர்க்கிறார்கள். பள்ளிவாசல் ஹவுழுக்கும், கோயில் கிணற்றுக்கும், நம் ஆலய வளவுக் கிணற்றுக்கும் இது பொருந்தும். கிணற்றுக்கு நெருக்கமான வலை போடுங்கள். துவைக்கவும் குளிக்கவும் செடிகளுக்கும் அதையே பாவியுங்கள். இயந்திரம் பூட்டியிருந்தால் சிறிது நேரம் இறைத்து நிறுத்தி, மறுபடி ஊற விடுங்கள். நீர் கரிக்கத் தொடங்கினால் சில நாட்கள் இறைப்பை விட்டுவிடுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு மட்டும், கிணறு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குழாய்நீரையே கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.