குச்சனூரிலிருந்து ஒரு செயலி

தனியாளாகச் செயலி எழுதிப் பிழைக்க நினைக்கும் தம்பி தங்கைகளே!

● கூகுள் பிளேயில் செயலி வெளியிடுவோர் கணக்குக்குக் கட்டணம் 25 டாலர், ஒரே முறைதான். ஆனால் புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கென்றால், 12 பேராவது தொடர்ந்து 14 நாள் சோதனையில் இணைந்திருந்த பிறகே வெளியிட அனுமதி கேட்கலாம். பலர் இடறுவது இங்கேதான். காசு கொடுத்து ஆள் பிடிக்காதீர்கள். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலருகே கடை போடுபவர்கள், திராட்சைத் தோட்டக்காரர்கள் போதும். குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்!

● முதல் செயலியும் அவர்களுடைய கணக்கு நோட்டிலிருந்தே பிறக்கட்டும்: ஆள் கூலி, மருந்துச் செலவு, வியாபாரி பாக்கி. சிக்னல் கிடைக்காத தோட்டத்திலும் அது ஓட வேண்டும்.

● கூகுளின் ஆட்மாப் வழியாக வரும் விளம்பர வருமானம் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.