கால் மைலுக்குக் காசை எங்கே போடுவது?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வேலணைப் பக்கத்திலிருந்து வாணர் பாலத்தில் ஏறி இறுப்பிட்டிக்குப் போகிற பெடியனுக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு பக்கமும் பரவைக் கடல், நடுவில் நீண்டு கிடக்கிற வீதி. கால் மைலை நேர்கோட்டில் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிற டிராக் றேசுக்கென்றே யாரோ கட்டிவைத்தது போல இருக்கும். ஆனால் சோளகம் அடிக்கிற மாதங்களில் பக்கக் காற்று மோட்டார் சைக்கிளைப் பிடித்துத் தள்ளும். எதிரே குறிகட்டுவான் பஸ் வரும், நயினாதீவுக்குப் போகிற சனம் வரும். தடுமாறினால் ஓடிப்போய் நிற்க வெளி இல்லை, கடல்தான் இருக்கிறது. சட்டப்படியும் குற்றம். இதெல்லாம் தெரிந்தும் முறுக்குகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே ஓடி நேரம் குறையாது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனது என்று அந்த வீதி உங்களுக்குச் சொல்லாது. டிராக் பாதை சொல்லும்.

இந்த விளையாட்டு வளர்ந்ததே விமான ஓடுபாதைகளில்தான். கலிபோர்னியாவின் சாந்தா ஆனா விமானத்தளத்தில் 1950இல் முறையான ஓட்டங்கள் தொடங்கின. இங்கிலாந்தின் சாந்தா பொட், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற தளம். 1966இல் டிராக் பாதையானது. சென்னைக்கு வடக்கே சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான். நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களுக்குப் பேர்போன கட்டுக்குருந்தையும் பிரித்தானியக் கடற்படை விமானத்தளமாக இருந்த இடம்.

இன்றைக்கு எங்கே ஓடலாம் என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. லண்டனில் இருப்பவருக்குச் சாந்தா பொட்டை விட நல்ல தொடக்கம் இல்லை. ‘கொண்டுவந்ததை ஓடு’ என்ற பொருளில் பெயர் வைத்த நாட்களில் வேலைக்குப் போகிற காரையே கொண்டுபோய் ஓடலாம். ரொறன்ரோக்காரருக்குக் கயூகாவில் ஒரு பாதை உண்டு. பனிக்காலத்தில் ஓட்டம் இல்லை. சிட்னியில் வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு 2004இல் திறந்த ஈஸ்ரேர்ண் கிறீக் பாதை கூப்பிடு தூரம். தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் இருங்காட்டுக்கோட்டையில் நடந்திருக்கின்றன. ஊரில் இருப்பவர் மோட்டார் விளையாட்டுச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து, அனுமதி பெற்ற ஓட்டம் வரும்வரை பொறுத்திருப்பதுதான் வழி.

போட்டிக்கா, பயிற்சி நாளுக்கா முதலில் போவது? பயிற்சி நாளுக்கு. யோசிக்கவே வேண்டாம். போட்டியில் தோற்றால் அன்றைக்கு உங்கள் ஓட்டம் முடிந்தது. பயிற்சி நாளில் வரிசையில் திரும்பத் திரும்ப நின்று ஓடிக்கொண்டே இருக்கலாம்.

ஓட்டம் முடிந்ததும் கையில் ஒரு சீட்டுத் தருவார்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பொக்கற்றுக்குள் வைக்கிறார்கள். மற்ற எண்களில்தான் விசயம் இருக்கிறது. ஒரு சின்னக் காரின் முதல் சீட்டில் 60 அடிக்கு 2.40 செக்கன், கால் மைலுக்கு 16.10 செக்கன், முடிவு வேகம் மணிக்கு 138 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சீட்டில் 60 அடி 2.25, மொத்தம் 15.85, வேகம் அதே 138. இஞ்சின் ஒன்றும் கூடவில்லை. கூடியிருந்தால் வேகம் ஏறியிருக்கும். முதல் 18 மீற்றரில் மிச்சம் பிடித்த 0.15 செக்கன், 402 மீற்றர் முடிவதற்குள் கால் செக்கனாகப் பெருகிவிட்டது. தொடக்கத்தில் பிடித்த நேரம் கடைசியில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும் என்பது டிராக் பாதைக்காரரின் பழைய கணக்கு.

இதை வைத்துக்கொண்டு காசுக்கு வருவோம். இஞ்சினில் போடுவதா, எடையைக் குறைப்பதா, ரயர் வாங்குவதா, ஓடிப் பழகுவதா?

இஞ்சின் ஆசைதான் எல்லாருக்கும் முதலில் வரும். ஆனால் நேரம், எடைக்கும் வலுவுக்கும் உள்ள விகிதத்தின் கனமூலத்தோடுதான் மாறுகிறது. வலுவை 10 வீதம் கூட்டினால் நேரம் 3 வீதம்தான் குறையும். 16 செக்கன் காருக்கு அது அரைச் செக்கன். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் காற்று வடிகட்டியையும் சைலன்சரையும் மாற்றி, டர்போ இல்லாத சின்னக் காரில் 10 வீதம் எடுப்பது இலேசில்லை. சத்தம் 10 வீதத்துக்கு மேலே கூடும், அது வேறு கதை.

எடைக்கும் அதே கனமூலக் கணக்குத்தான். ஆனால் இறக்குவதற்குக் காசு தேவையில்லை. 1,200 கிலோ காரிலிருந்து மாற்றுச் சில்லு, ஜக், பின்சீற், டிக்கிக்குள் கிடக்கிற சாமான் என்று 45 கிலோவை இறக்கினால் ஏறத்தாழ 0.2 செக்கன் குறையும். மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரே எடையில் மூன்றில் ஒரு பங்கு வருவார். அங்கே என்ன செய்வது என்பதை அவரவர் சாப்பாட்டுத் தட்டிடம் விட்டுவிடுகிறேன்.

ரயர் கொஞ்சம் சிக்கலான விசயம். பின்சில்லு இழுக்கிற வலுவான காருக்கு டிராக் ரயர் போட்டால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். சிவிக் போல முன்சில்லு இழுக்கிற காரில் கிளம்பும்போது பாரம் பின்னுக்குப் போய் இழுக்கிற சில்லு இலேசாகிவிடும். அதனால் புது ரயர் வாங்க முதல் முன் ரயர்களில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 2 பி.எஸ்.ஐ. வீதம் காற்றைக் குறைத்து, 60 அடி நேரம் எங்கே திரும்ப ஏறுகிறது என்று பாருங்கள். பின் ரயர் இறுக்கமாகவே இருக்கட்டும். வீடு திரும்ப முன் காற்றைப் பழைய அளவுக்கு அடிக்க மறக்க வேண்டாம். 150 சிசி மோட்டார் சைக்கிளுக்கு விசேட ரயர் வீண் செலவு; சறுக்குகிற அளவுக்கு அதில் வலு இல்லை.

இன்னொன்று. தொடக்கக் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிய இடம் ஒன்று இருக்கும். பெரிய வண்டிக்காரர் அதில் நனைத்துச் சில்லைச் சுழற்றிப் புகை எழுப்புவதைப் பார்த்து நீங்களும் இறங்கக் கூடாது. அவர்களுடைய ரயரில் பள்ளம் இல்லை. உங்கள் ரயரின் பள்ளங்களுக்குள் தண்ணீர் தங்கி, கோட்டில் வந்து சொட்டும். நீங்கள் கிளம்புகிற இடத்தை நீங்களே நனைத்ததாக முடியும். சுற்றிப் போய், காய்ந்த இடத்தில் சில்லை ஒருதரம் சுழற்றித் தூசியை உதறினால் போதும்.

ஆகவே என் வரிசை: முதலில் பழக்கம், பிறகு இறக்கக்கூடிய எடை, பிறகு ரயர், கடைசியில் இஞ்சின். பழகுவதென்றால் எதை? கிளச் காரில் எத்தனை ஆர்.பி.எம்.மில் விடுவது என்பதை ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். சின்ன மோட்டார் சைக்கிளில் கிளச்சைப் படக்கென்று விட்டால் இஞ்சின் சோர்ந்துவிடும். சுற்றை உயர்த்தி வைத்து, உடம்பை ராங்கிக்கு மேல் சாய்த்து, வழுக்கி வழுக்கி விட வேண்டும். சிவப்புக் கோடுவரை இழுப்பதும் வீரம் இல்லை. உச்ச வலு தாண்டியதும் கியரை மாற்றுங்கள்.

கோட்டில் நிற்பதிலும் இரண்டு வழி உண்டு. அங்கே இரண்டு ஒளிக்கற்றைகள். இரண்டாவதை முன்சில்லு தொட்டவுடன் நிறுத்தினால், மணிக்கூடு தொடங்க முன் சில அங்குலம் உருளக் கிடைக்கும், நேரம் குறையும். இன்னும் உள்ளே தள்ளி நின்றால் பச்சைக்குச் சீக்கிரம் கிளம்பியதாகப் பதியும், ஆனால் ஓட்ட நேரம் கூடும். நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் முதலாவது வழி. பச்சை விழுந்த பிறகு எவ்வளவு தாமதித்தீர்கள் என்பது ஓட்ட நேரத்தில் சேராது. மணிக்கூடு உங்கள் சில்லு நகர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். எனவே பயிற்சி நாளில் லைற்றைப் பார்த்துப் பதற்றப்படத் தேவையில்லை.

போட்டிக்கு வந்தால் கதை மாறும். மூன்று மஞ்சள் லைற்றும் அரைச் செக்கன் இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை விழும். கடைசி மஞ்சளிலேயே கிளம்பப் பழக வேண்டும். பச்சையைக் கண்டு கிளம்புகிறவர் பிந்திவிட்டார். போட்டியிலும் தெரிவு உண்டு: யார் முதலில் வருகிறார் என்ற நேரடி ஓட்டம், அல்லது உங்கள் நேரத்தை முன்கூட்டியே சொல்லி ஓடும் ‘பிறக்கற்’ ஓட்டம். நேரடி ஓட்டத்தில் காசுள்ளவன் வெல்வான். பிறக்கற்றில் மெதுவான வண்டிக்கு வித்தியாசத்தைக் கழித்து முன்னே விடுவார்கள்; சொன்ன நேரத்தை விடக் குறைவாக ஓடினால் தோல்வி. நம் ஊர் மாட்டுவண்டிச் சவாரியில் ஏ, பி, சி என்று சோடிகளைத் தரம் பிரித்து விடுவதன் நியாயம்தான் இதுவும். தொடக்கக்காரருக்கு நான் பிறக்கற்றைத்தான் சொல்வேன், அதுவும் ஒட்டோ கியர் காரில். ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றுபோல வருவதுதான் அங்கே வெற்றி. அதில் கியரைத் தானே மாற்றும் காரை அடிக்க ஆளில்லை.

வெயில் ஏறினால் காற்று ஐதாகி இஞ்சின் சோம்பும். காலைச் சீட்டையும் மத்தியானச் சீட்டையும் ஒப்பிட்டு, கார் பழுதாகிவிட்டது என்று கராச்சுக்கு ஓட வேண்டாம். ஹெல்மெற்றை அமெரிக்க விதி 13.99 செக்கனும் அதற்குக் குறைவும் ஓடுகிற காருக்குத்தான் கட்டாயமாக்குகிறது. உங்கள் கார் 16 செக்கன் என்றாலும் போட்டுக்கொண்டே ஓடுங்கள். மோட்டார் சைக்கிளென்றால் கையுறை, சப்பாத்து, தோல் ஜக்கெற்றும் சேர்த்து. போக முதல் பற்றரி இறுக்கமாக இருக்கிறதா, கீழே எண்ணெயோ தண்ணீரோ சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். பாதையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், அதைத் துடைக்கும்வரை பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.