ரம்பம் கேட்ட யாழினிக்கு

அன்பு யாழினிக்கு,

 

நீயே ஸ்கேட்போர்டு செய்யப் போகிறாயாம். “காசு கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பேன், இவள் ரம்பம் கேட்கிறாள்” என்று உன் அப்பா போனில் புலம்பினான். எனக்குச் சந்தோஷம். மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் ஒருத்திக்காவது ரம்பம் பிடிக்கத் தோன்றியதே!

எதைக் கையால் செய்வது, எதைக் கடையில் வாங்குவது என்று முதலில் முடிவு செய். பாதித் தொழில் அதில்தான் இருக்கிறது. பலகை உன்னுடையது. சக்கரங்களைத் தாங்கும் அச்சான டிரக், சக்கரம், பேரிங் மூன்றும் கடைச் சரக்கு.

நாங்கள் லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கைக் கட்டையில் செருகி வண்டி ஓட்டியவர்கள். 1950களில் கலிபோர்னியாப் பிள்ளைகளும் ரோலர் ஸ்கேட்டைப் பிரித்து, அதன் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் அடித்துத்தான் ஓட்டினார்கள். அடுத்து வந்த களிமண் சக்கரமும் ஒரு சின்னக் கல் தடுக்கினால் நின்றுவிடும். ஓட்டுகிறவன் மட்டும் முன்னால் போய் விழுவான். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகே வண்டி தரையைப் பிடித்து ஓடத் தொடங்கியது. அதை வீட்டில் வார்ப்பது எளிதல்ல. டிரக்கும் அப்படித்தான், ஓடும்போது அது உடைந்தால் போவது உன் பல். நம் தெருவுக்கு 60 மி.மீ. அளவில், 78ஏ என்று குறித்த மெத்தென்ற சக்கரம் வாங்கு. பேரிங் கடையில் 608 என்று கேட்டால் போதும்.

இனி மரம். கடைப் பலகைகளைப் பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய வெனீர்களை ஒட்டிச் செய்கிறார்கள். ஐந்தில் நார் நெடுக்காக ஓடும், இரண்டில் குறுக்காக. நெடுக்கு நார் உன் எடையைத் தாங்கும். குறுக்கு நார் பலகை பிளக்காமல் காக்கும். அச்சு செய்து, வெனீர் ஒட்டி, இரவு முழுக்க அழுத்தி வைத்து வளைவெடுக்கிற அந்த வேலை இரண்டாவது பலகைக்கு இருக்கட்டும். முதல் பலகை தட்டையாகவே வரட்டும். 12 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கு. சாதா பிளைவுட் ஈரத்தில் உரிந்துவிடும். 70 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உனக்குச் சரியாக இருக்கும். மேல் வெனீரின் நார் நீளவாக்கில் ஓடும்படி வெட்டு. பிளைவுட்டில் பாதி நார் குறுக்கே போவதால் இந்தப் பலகை உருட்டி ஓட்டத்தான். குதித்து இறங்காதே.

அவசரம் ஆகாத இடம் துளை போடுவது. பலகையின் நடுவில் தலை முதல் வால்வரை ஒரு கோடு போடு. டிரக்கின் அடித்தட்டையே வைத்துத் துளைகளைக் குறி. இரண்டு டிரக்கும் அந்தக் கோட்டில் நேராக உட்கார வேண்டும். ஒன்று கோணினாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். டிரக்குகளின் சாய்ந்த பெரிய போல்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். அடியில் ஒரு கழிவுத் துண்டை வைத்து 5 மி.மீ. பிட்டால் துளையிடு, மரத்தில் சிம்பு கிளம்பாது. பெரிய சக்கரம் திருப்பத்தில் பலகையை உரசினால் அப்படியே நின்று உன்னைத் தூக்கி எறியும். அதனால் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரைசர் பேடு வை. போல்ட்டையும் அதற்கேற்ற நீளத்தில் வாங்கு.

உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள். வார்னிஷை முகப்பைவிட ஓரங்களுக்குத் தாராளமாகப் பூசு. தண்ணீர் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே போகும். காய்ந்த பிறகு, கால் வழுக்காமலிருக்க மேலே கிரிப் டேப் ஒட்டு.

ஏறுவதற்கு முன், டிரக் வரும் இடங்களில் செங்கல் வைத்துப் பலகையைக் கிடத்தி, நடுவில் மெல்ல மெல்ல எடையேற்று. சத்தம் கேட்டாலோ, வளைந்தது நிமிராவிட்டாலோ அதைத் தூர வைத்துவிட்டு வேறு வெட்டு. நாலு நாள் உழைப்பைப் பார்த்து உடம்பைப் பணயம் வைக்காதே. ஹெல்மெட் இல்லாமல் கால் வைக்காதே.

டிசம்பர் விடுமுறைக்கு வா. ரம்பம், கிளாம்ப், டிரில் எல்லாம் இங்கே இருக்கின்றன. டிரக்கும் சக்கரமும் நீ வாங்கி வா, பிளைவுட் என் செலவு. வெட்டுவது நீதான், நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா